நியூசிலாந்தில் மான் வேட்டைக்கு எந்த ரைபிள் நல்லது? மச்சான் கூப்பிடுகிறார்

பிறை மணியம் எழுதியது:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். வீடு மலேசியாவின் பட்டர்வொர்த், வேலை பிறையில். கூலிம் பக்கம் அப்பா விட்டுப்போன டுரியான் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி எடுத்த லைசென்ஸில் ஒரு செனாப்பாங் பாத்தாவும் (மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கி) இருக்கிறது. பன்னிரண்டு போர், ஒற்றைக் குழல். காட்டுப்பன்றிக்குத்தான். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்துபோன பிறகு எங்கள் தோட்டப் பக்கம் பன்றியே கண்ணில் படுவதில்லை. துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பதோடு சரி.

இப்போது விஷயம் என்னவென்றால், என் மனைவியின் அண்ணன் நியூசிலாந்தில் பால்மர்ஸ்டன் நார்த்தில் இருக்கிறார். பால் பண்ணை வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வரும் ஏப்ரலில் வா, ருவாஹினே மலைக்குச் சிவப்பு மான் வேட்டைக்குப் போவோம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். அவரிடம் .308 ரைபிள் ஒன்றும் பழைய .243 ஒன்றும் உண்டு (அந்த எண் தோட்டாவின் குறுக்களவு, அங்குலத்தில்). "உனக்கென்று ஒன்று வாங்கி வைக்கிறேன், எது வேண்டுமோ சொல், அப்புறம் நானே வைத்துக்கொள்கிறேன்" என்கிறார். பெரிய மனசுதான். ஆனால் நான் ரைபிளைக் கையில் பிடித்ததுகூட இல்லையே, என்னத்தைச் சொல்வது?

யூடியூபில் பார்க்கப் போனால் ஒருவன் 6.5 கிரீட்மூர் தோட்டாதான் என்கிறான், இன்னொருவன் .300 வின் மேக் இல்லாமல் மலைக்கே போகாதே என்கிறான். மூன்றாவது ஆள் இரண்டு பேரையும் திட்டுகிறான்.

நான் ஐந்தடி நாலு அங்குலம், ஒல்லி உடம்பு. இடது கைக்காரன். பன்றியை முப்பது முப்பத்தைந்து மீட்டருக்கு மேல் சுட்டதில்லை. அந்தப் பழக்கம் ரைபிளுக்கு உதவுமா? லைசென்ஸ் விஷயமும் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

கிள்ளான் சிங்கம் எழுதியது:

.300 வின் மேக் வாங்கச் சொல்லுங்க லா. காசு மச்சானுடையதுதானே! பெரிய தோட்டா, எங்கே பட்டாலும் மான் விழும். சின்னதை வாங்கிவிட்டு மலை மலையாகத் தேடிக்கொண்டு திரியாதீர்கள்.

செந்தூல் பெரியவர் எழுதியது:

தம்பி மணியம், சிங்கம் சொன்னதைக் கொஞ்சம் ஓரமாக வை. எங்கே பட்டாலும் விழ வைக்கும் துப்பாக்கியை இன்னும் எவனும் செய்யவில்லை. நான் நியூசிலாந்தில் இறைச்சி ஆலையில் கத்தி பிடித்துப் பிழைத்தவன். ஓய்வு பெற்றுத்தான் செந்தூலுக்குத் திரும்பினேன். லீவு கிடைத்தால் கைமானவா காட்டில் இருப்பேன். என் கையால் உரித்த மான்களின் உடம்பில் தோட்டா எந்த வழியாகப் போயிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றதைத்தான் சொல்கிறேன். வயிற்றில் .300 வாங்கிய மான் இரண்டு ஓடை தாண்டிப் போய், ராத்திரி முழுக்கத் தவித்துச் சாகும். இறைச்சியும் பாழ். நுரையீரலில் .243 வாங்கிய மான் ஐம்பது அறுபது மீட்டர் ஓடுவதற்குள் சாய்ந்துவிடும்.

மான் பக்கவாட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள். முன்னங்காலின் பின் ஓரத்தைக் கண்ணால் பிடித்து மேலே ஏறு. நெஞ்சின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நில். இதயத்தின் மேல்பாகம், பெரிய இரத்தக் குழாய்கள், நுரையீரல் எல்லாம் அங்கேதான். சிவப்பு மானுக்கு அந்த இடம் இருபது இருபத்தைந்து சென்டிமீட்டர் அகலம் தேறும். அதற்குள் ஒரே ஒரு தோட்டாவைப் போட உன்னால் முடியுமா, மூச்சு வாங்க மலையேறிய பிறகும் முடியுமா? துப்பாக்கியை இந்தக் கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். .300 வின் மேக்கின் உதை .308-ஐப் போல ஒன்றரை மடங்கு. ஒல்லி உடம்பு என்று நீயே சொல்கிறாய். இரண்டு தடவை தோளில் வாங்கினால் மூன்றாவது தடவை விசையைத் தொடும்போதே கண் தானாக மூடும். அப்புறம் எவ்வளவு பெரிய தோட்டாவாக இருந்தும் என்ன செய்ய?

என் பேச்சைக் கேட்டால் .308 வின்செஸ்டர். 1952-இல் வந்த தோட்டா, புதுமை ஒன்றும் கிடையாது. 150 கிரெய்ன் எடை, மென்முனைத் தோட்டா. முழுக்க உலோக உறை போட்ட ராணுவ வகை வேண்டாம், அது விரியாமல் ஊசிபோல் உள்ளே புகுந்து வெளியே போய்விடும், மான் துடிக்கும். அந்த ஊரில் சின்ன டவுன் கடையில்கூட .308 கிடைக்கும். நூறு மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் மேலே படும்படி பார்வையைச் சரிசெய்தால் இருநூறில் நேராக விழும், முந்நூறில் ஒரு சாண் கீழே இறங்கும். நீ முந்நூறில் சுடப் போவதில்லை, அதனால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கிரீட்மூரும் நல்ல சாமான்தான். உதை குறைவு, சிவப்பு மானுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் மச்சானிடம் .308 இருக்கும்போது நீயும் அதையே எடுப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. .243, 7 எம்எம்-08 இரண்டுமே .308-இன் கூட்டைக் கழுத்தில் சுருக்கிச் செய்தவை. அடிப்பாகம் ஒரே அளவு. விடியற்காலை நாலு மணிக்குக் குடிசையில் நெற்றி விளக்கை வைத்துக்கொண்டு தோட்டா எடுக்கும்போது கை மாறினால் தெரியாது. ஒரு ரைபிளின் தோட்டா இன்னொன்றில் போய் வெடித்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. குழுவுக்கு ஒரே அளவு என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. பழைய .243-ஐ மச்சான் அந்த முறை வீட்டிலேயே பூட்டி வைக்கட்டும்.

நீ போகிற போக்கில் சொன்ன ஒன்றைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். இடது கைக்காரன் என்கிறாய். உன் செனாப்பாங் பாத்தாவை மடக்கித் தோட்டா போடுவதால் எந்தக் கையாக இருந்தாலும் ஒன்றுதான், இத்தனை வருடம் உனக்கு உறைத்திருக்காது. போல்ட் ரைபிளில், அதாவது கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகையில், அந்தக் கைப்பிடி வலது பக்கம் இருக்கும். இடது தோளில் வைத்துச் சுட்டால் இரண்டாவது தோட்டா ஏற்ற துப்பாக்கிக்கு மேலே கையைக் கொண்டுபோய் இழுக்க வேண்டும், அதற்குள் மானும் போய்விடும், உன் பார்வையும் போய்விடும். டிக்கா டி3எக்ஸ் என்ற ரைபிள் இடது கை மாதிரியாகவும் வருகிறது. அதன் லைட் வகை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மேலே தொலைநோக்கி, முன்னால் சத்தம் குறைக்கும் சப்ரஸர் மாட்டினால் நாலு கிலோவை நெருங்கும். ஆமாம், சப்ரஸர். அங்கே அது சட்டப்படி சாதாரணம், பாதிப் பேர் மாட்டித்தான் சுடுவார்கள். காதும் பிழைக்கும், உதையும் குறையும். இங்கே அந்தப் பேச்சை எடுத்தாலே போலீஸ்காரர் நிமிர்ந்து உட்காருவார்!

தொலைநோக்கி மூன்று முதல் ஒன்பது மடங்கு போதும். காட்டுக்குள் நடக்கும்போது மூன்றிலேயே வைத்திரு. ஒன்பதில் வைத்துவிட்டு நாற்பது மீட்டரில் மான் எழுந்து நின்றால் உனக்குத் தெரிவது வெறும் ரோமம், அது கழுத்தா தொடையா என்று சொல்ல முடியாது.

சுபாங் ரேவதி எழுதியது:

பெரியவர் சொன்னதற்குப் பிறகு தோட்டாவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நான் கிளப்பில் இலக்குச் சுடுபவள். வேட்டைக்குப் போனதில்லை, போகவும் மாட்டேன். ஆனால் மணியம் அண்ணன் உயரம் எனக்கும். கடையில் இருக்கும் ரைபிள் கட்டைகள் (தோளில் வைக்கும் பின்பாகம்) பெரும்பாலும் ஆறடி வெள்ளைக்காரருக்குச் செய்தவை. மச்சான் வாங்குவதற்கு முன்னால் ஒரு அளவு எடுத்து அனுப்புங்கள். முழங்கையைச் செங்கோணத்தில் மடித்து, உள்மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரைக்கும். கட்டையின் பின் முனையிலிருந்து விசை வரைக்கும் உள்ள நீளம் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்க வேண்டும். நீளம் கூடினால் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்க வேண்டி வரும், தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தில் வந்து குத்தும். எங்கள் கிளப்பில் அந்தப் பிறைத் தழும்போடு இரண்டு மூன்று பேர் உலாவுகிறார்கள், கேட்டால் ‘சும்மா விழுந்துவிட்டேன்’ என்பார்கள்.

பன்றிப் பழக்கம் உதவுமா என்று கேட்டீர்கள். காட்டுக்குள் சத்தம் போடாமல் நடப்பதற்கு உதவும். விசைக்கு உதவாது. ஓடுகிற பன்றிக்குப் பின்னால் குழலை வீசிக்கொண்டே விசையைத் தட்டுகிறீர்கள். ரைபிளில் தட்டினால் குழல் ஆடும், நூறு மீட்டரில் அது ஒரு முழம் தள்ளிப் போகும். எலுமிச்சம்பழத்தின் கடைசிச் சொட்டைப் பிழிவதுபோல மெல்ல அழுத்த வேண்டும், எப்போது வெடித்தது என்று உங்களுக்கே தெரியக்கூடாது. இதற்கு இப்போதிலிருந்தே வீட்டில் பழகலாம். துப்பாக்கியை மடக்கிக் குழலுக்குள் தோட்டா ஒன்றும் இல்லை என்று பாருங்கள், வீட்டிலிருக்கும் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் பூட்டிக் கிடக்கட்டும். அப்புறம் ஒரு பொய்த்தோட்டாவைப் போட்டு, தடித்த சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்த்து விசையை அழுத்துங்கள். விசை விழும்போது குழல்முனை அசையாமல் நின்றால் சரி. தினம் பத்து நிமிஷம். அலுப்பான வேலைதான்.

டாண்டெனாங் குமார் எழுதியது:

நான் சுங்கை பாக்காப் பையன், இப்போது மெல்பர்ன். ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் மானின் வகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச அளவு சட்டத்திலேயே இருக்கிறது. 2012 விதியில் கடமான் என்றால் .270-க்குக் குறையக் கூடாது, தோட்டாவின் எடை 130 கிரெய்னுக்குக் குறையக் கூடாது என்று இருந்தது. யூடியூப் புகழ் 6.5 கிரீட்மூர் அந்த விதிப்படி கடமானுக்குச் செல்லவில்லை. பழைய .243-ம் செல்லவில்லை, ஃபேலோ மாதிரிச் சின்ன வகைகளுக்குத்தான். அதனால் ‘மான் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த மான், எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். பெரிய கடமான் ஆண் இருநூறு கிலோவைத் தாண்டும். தோல் தடிப்பு, பிடிவாதமான உடம்பு.

மணியம் அண்ணன் போகிற பால்மர்ஸ்டன் நார்த் பக்கத்திலும் கடமான் கூட்டம் உண்டு. 1870-களில் இலங்கையிலிருந்து கொண்டுபோய் மனாவாட்டூவில் விட்டது. நம் ஊர் ரூசாவும் அதே இனம்தான்.

கிள்ளான் சிங்கம் எழுதியது:

அதே ரூசா என்றால் எதற்கு அவ்வளவு தூரம் பறக்க வேண்டும்? பகாங் பக்கம் எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், ராத்திரி நாலு சக்கர வண்டியில் லைட் அடித்து...

செந்தூல் பெரியவர் எழுதியது:

சிங்கம், அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டாயே, அதுவரைக்கும் நல்லது. தீபகற்பத்தில் ரூசாவுக்கும் கிஜாங்குக்கும் (குரைக்கும் மான்) வேட்டைத் தடை போட்டுப் பல வருடமாகிறது. 2022-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தையும் ஏற்றிவிட்டார்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான்காரர்கள் பிடித்தால் வண்டியும் போகும், துப்பாக்கி லைசென்ஸும் போகும். சட்டத்தை விடு. கடைசியாக எடுத்த கணக்கில் தீபகற்பக் காட்டில் புலி 150-க்கும் குறைவு. அது தின்பதே இந்த ரூசாவையும் பன்றியையும்தான். பன்றி காய்ச்சலில் போய்விட்டது, மீதி இருப்பதை நீ லைட் அடித்துச் சுட்டால் அது எதைத் தின்னும்? நியூசிலாந்தில் கதை தலைகீழ். அங்கே மான் சொந்தப் பிராணி இல்லை. வெள்ளைக்காரர்கள் 1851-இல் ஆரம்பித்துக் கப்பலில் கொண்டுவந்து விட்டது. தின்னப் புலியும் இல்லை, ஓநாயும் இல்லை. குட்டிச் செடியை எல்லாம் மேய்ந்து காட்டையே மொட்டையாக்குகிறது என்று அரசாங்கமே சுடச் சொல்கிறது. அதனால்தான் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் நிலத்தில் வேட்டை அனுமதிச் சீட்டு இலவசம், இணையத்திலேயே எடுக்கலாம். அங்கேயும் ராத்திரி லைட் அடித்துச் சுடுவதற்கு அந்த நிலத்தில் அனுமதி கிடையாது, அதையும் கேட்டுக்கொள்.

மணியம், லைசென்ஸ் கேட்டாயே. வெளிநாட்டு வருகையாளருக்கென்று தனித் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது, அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். உன் மலேசிய லைசென்ஸின் நகல் அதற்குக் கைகொடுக்கும். டிக்கெட் போட்ட அன்றே விண்ணப்பித்துவிடு. அது கைக்கு வராவிட்டாலும், லைசென்ஸ் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் நீ சுடலாம். நேரடி என்றால் மச்சான் அடுத்த மேட்டில் நின்று கை காட்டுவது இல்லை. உன் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில். நிஜமாகச் சொல்கிறேன், முதல் தடவைக்கு அதுதான் உத்தமம். இரண்டு பேருக்கும் ஒரே ரைபிள், அதை மாற்றி மாற்றித் தூக்குவது. தோட்டாக் குழப்பமும் கிடையாது, மச்சானுக்கு வாங்கும் செலவும் கிடையாது.

ஏப்ரல் என்கிறாய், அது ஆண் மான்கள் கத்தும் காலம். பள்ளத்தாக்கு முழுக்க உறுமல் கேட்கும். வேட்டைக்காரர்களும் குழாயை வாயில் வைத்து அதே மாதிரி உறுமி மானை இழுப்பார்கள். ஆக, புதருக்குப் பின்னால் உறுமுவது மானாகவும் இருக்கலாம், மச்சானாகவும் இருக்கலாம். வேட்டைக்காரர் வேட்டைக்காரரையே சுட்டுக்கொன்ற சம்பவங்கள் அங்கே உண்டு. பெரும்பாலும் சேர்ந்து போன கூட்டாளியைத்தான். சத்தம், நிறம், அசைவு, கொம்பு மாதிரி ஒரு கிளை, எதை நம்பியும் விசையில் விரல் வைக்காதே. தலை, கழுத்து, தோள் மூன்றும் முழுசாகத் தெரிய வேண்டும். அதைப் பார்ப்பதற்குக் கழுத்தில் பைனாகுலர் தொங்கட்டும். ரைபிளின் தொலைநோக்கியால் தேடினால் குழல் உன் கண் போகிற இடமெல்லாம் போகும், அங்கே மனுஷன் இருந்தால்? பைனாகுலருக்குக் காசு செலவு செய், ரைபிளில் மிச்சம் பிடி.

பிறை மணியம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மச்சானிடம் பேசினேன். அவருடைய .308 வலது கை போல்ட். இடது கை மாதிரி ஒன்றை அவர் பண்ணை முதலாளியின் மகன் வைத்திருக்கிறானாம், அதுவும் .308-தான், ஒரு வாரத்துக்குத் தருவான் என்கிறார். புதிதாக வாங்கும் பேச்சு முடிந்தது. மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கூட்டாளி சுடும் கதையைச் சொன்னதும் ‘அப்படியென்றால் நீயும் நானும் ஒரே ரைபிளோடு போவோம், அதுவும் உன் கையில் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்’ என்றார். ரேவதி தங்கச்சி, கை அளவு எடுத்துவிட்டேன், பதின்மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கட்டையின் பின்னால் இரண்டு தகடு கழற்றலாமாம்.

இன்னும் ஒன்று. சாமான் ஏதாவது இங்கிருந்து கொண்டுபோக வேண்டுமா? தோட்ட பூட்ஸ் இருக்கிறது. மனைவி முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் கட்டுகிறாள்.

செந்தூல் பெரியவர் எழுதியது:

முறுக்கு, ஊறுகாய் எல்லாவற்றையும் இறங்கும் சீட்டில் எழுதிவிடு. எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பூட்ஸை மண் ஒரு துளி இல்லாமல் பல் துலக்கும் பிரஷ் போட்டுக் கழுவி, காயவைத்து எடுத்துப் போ, அதையும் எழுது.

திரும்பும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். மச்சானின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மலையேறியிருப்பாய், குளிருக்கு அதையே மாட்டிக்கொண்டு விமானத்துக்கும் வருவாய். தோட்டா ஏதாவது கிடக்கிறதா என்று பைகளைத் தைலம் தேடுவதுபோல் மேலோட்டமாக அல்ல, உள்ளே வெளியே திருப்பிப் பார். முதுகுப் பையின் அடி, இடுப்புப் பை, பூட்ஸின் உள் எல்லாம். நம் ஊரில் லைசென்ஸ் இல்லாத தோட்டா ஒன்று இருந்தாலே 1960 ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு. ஏழு வருடம் வரை சிறை, 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இல்லை இரண்டும். உன் லைசென்ஸ் பன்னிரண்டு போருக்கு, .308-க்கு அல்ல. காலிக்கூட்டை ஞாபகார்த்தமாகக் கொண்டுவரவும் ஆசைப்படாதே.

சுட்ட மானின் தோள்கறியை மச்சான் குளிர்ப்பெட்டியில் வைத்து நீயே தின்றுவிட்டு வா. பட்டர்வொர்த்துக்குக் கொண்டுவர நினைக்காதே, விமான நிலையத்தில் சீட்டு சீட்டாகக் கேட்பார்கள். மிளகு கூட்டி, தேங்காய்ப்பால் சேர்க்காமல் வறட்டு. கொழுப்பே இல்லாத கறி அது, சீக்கிரம் இறக்கிவிடு.